பூசணி விளக்கைச் சுற்றி விழும் வளையங்கள்: இருட்டுக் காட்சியில் கிளோ போடும்போது வரும் பழுதுகளைச் சரிசெய்யும் முறை

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில், தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்கேற்றுவார்கள். அந்த விளக்குகளை இரவில் படம்பிடித்து வந்து எடிட்டிங் மேசையில் உட்காரும் எவருக்கும், சுடரைச் சுற்றி மெல்லிய ஒளி பரவினால் இன்னும் அழகாக இருக்குமே என்ற ஆசை வரும். கிளோ எஃபெக்டைப் போடுகிறோம். திரையில் நன்றாகவே தெரிகிறது. ரெண்டர் செய்து பார்த்தால், அறுத்த மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதைப் போல விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டைகள் விழுந்திருக்கின்றன; பின்னால் இருக்கும் கருவானமோ கட்டம் கட்டமாக உடைந்து நெளிகிறது. இந்தப் பழுதுகள் எங்கிருந்து வருகின்றன, எந்த வரிசையில் அவற்றைச் சரிசெய்வது என்பதை, இந்த மாவட்டத்தில் திருமணம், திருவிழா, தெருக்கூத்து ஆகியவற்றை எடுத்துத் தொகுத்த அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் உண்டு. வழக்கமான வீடியோ அளவீட்டில் அதிலும் 16 முதல் 235 வரையுள்ள 220 படிகள்தாம் கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் பயன்படுகின்றன. பூசணி விளக்கின் ஒளி, சுடருக்கு அருகில் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், வெளியே பரவும் அதன் வால்பகுதி 46 என்னும் அளவிலிருந்து 16 வரை இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் 30 படிகள். அந்த வால் 1920 பிக்சல் அகலமுள்ள சட்டத்தில் 600 பிக்சல் தூரம் பரவினால், ஒவ்வொரு படியும் 20 பிக்சல் அகலத்துக்கு ஒரே நிறமாக நிற்கும். 20 பிக்சல் அகலப் பட்டை இருட்டான அறையில் கண்ணுக்குத் தப்பாது. போதாக்குறைக்கு, அடுத்தடுத்த இரண்டு சாம்பல் நிறங்கள் சேரும் ஓரத்தை நம் கண் உள்ளதைவிட மிகைப்படுத்திக் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் என்னும் அறிவியலாளர் 1865இல் இதைப் பற்றி எழுதியதால் அந்தத் தோற்றத்துக்கு மாக் பட்டைகள் என்றே பெயர். அதே ஒளி 10 பிட்டில் இருந்தால் ஒவ்வொரு படியும் நான்காகப் பிரிந்து, பட்டையின் அகலம் 5 பிக்சலாகக் குறைந்துவிடும்.

ஆகவே கிளோ புதிதாக எதையும் கெடுப்பதில்லை. இருட்டில் படிகள் குறைவாக இருப்பதையும், அங்கே கேமரா விட்டுவைத்த இரைச்சலையும் (நாய்ஸ் எனப்படும் வேண்டாத புள்ளிகள்), கோப்பைச் சுருக்கும் கம்ப்ரஷன் செய்த சிக்கனத்தையும் அது வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். பட்டை தெரிகிறது என்று கிளோவின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் இரவெல்லாம் உட்கார வேண்டியதுதான்.

பழுது கோப்பில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா?

விலை குறைந்த பல மடிக்கணினித் திரைகள் உண்மையில் 6 பிட் பேனல்கள். மீதிப் படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிப்பவை. அவற்றில் நல்ல கோப்பிலும் பட்டை தெரியும். எடிட்டிங் மென்பொருளின் முன்னோட்டம் அரை அல்லது கால் தெளிவில் இருந்தாலும் இல்லாத பழுது தோன்றும். எனவே முன்னோட்டத்தை முழுத் தெளிவுக்கு மாற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்து, அதில் காமாவையோ எக்ஸ்போஷரையோ தற்காலிகமாக நன்றாக உயர்த்திப் பாருங்கள். கோப்பில் உண்மையாகவே பட்டை இருந்தால் அது அப்போது பளிச்சென்று தெரியும். இருட்டில் ஒளிந்திருந்த கட்டங்களும் இரைச்சலும் சேர்ந்தே வெளிவரும். காட்சியின் பிரகாசத்தை வரைகோடாகக் காட்டும் வேவ்ஃபார்ம் கருவியைத் திறந்தால், வழவழப்பாக இறங்க வேண்டிய கோடு படிக்கட்டாக இறங்குவதையும் காணலாம். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அணைத்துவிட மறக்கக் கூடாது. அணைக்காமலே ரெண்டர் போட்டுவிட்டு, விடியற்காலையில் வெளுத்துப்போன ஒரு முகூர்த்த வீடியோவைப் பார்த்துத் திகைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

திரை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மண்டபங்களில் எல்இடி சுவர் வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுவர்களின் பிரகாசத்தைக் குறைத்து ஓட்டும்போது இருண்ட சாம்பல் நிறங்களைக் காட்டும் படிகள் பெரிதும் குறைந்துவிடுகின்றன. வீட்டுத் திரையில் சரியாக இருந்த கிளோ அங்கே வளையமாக விழும். சுவரில் ஓட்டப்போகும் காணொளி என்று முன்பே தெரிந்தால், கிளோவின் பரப்பைச் சுருக்கியும் கருப்பைச் சற்று ஆழமாக வைத்தும் தனிப் பிரதி ஒன்றைத் தயாரித்துக்கொள்வது நல்லது.

வேலை செய்யும் இடத்துக்கு 16 அல்லது 32 பிட்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் எஃபெக்ட் மென்பொருளில் புதிய புராஜெக்ட் வழக்கமாக 8 பிட்டில்தான் திறக்கும். புராஜெக்ட் பேனலின் அடியில் தெரியும் 8 பிபிசி (ஒரு நிறத்துக்கு எத்தனை பிட் என்பது) என்ற எழுத்தை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் 16, 32 என்று மாறும். பெயரில் 16 பிட் என்று இருந்தாலும் அந்த மென்பொருள் அதில் ஏறத்தாழ 32,768 படிகளைப் பயன்படுத்துகிறது. 256 எங்கே, 32,768 எங்கே! நாம் எடுத்த காட்சியே 8 பிட்தானே, புராஜெக்டை மட்டும் உயர்த்தி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மூலக் காட்சியில் இல்லாத படிகள் புதிதாக முளைக்காது என்பது உண்மை. ஆனால் கிளோ என்பது அடிப்படையில் பிரகாசமான பகுதியை எடுத்து ப்ளர் செய்து (மங்கலாக்கி) மேலே கூட்டுவது. ப்ளர் செய்யும்போது பல பிக்சல்களின் சராசரி எடுக்கப்படுவதால் இடைப்பட்ட மதிப்புகள் பிறக்கின்றன. 8 பிட்டில் அந்த இடைமதிப்புகள் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளப்பட்டு வீணாகின்றன. 16 பிட்டில் அவை அப்படியே நிற்கின்றன. கிளோவின் வால் வழவழப்பாக இருப்பதற்கு மூலக் காட்சியின் பிட்டைவிட, ப்ளர் நடக்கும் இடத்தின் பிட்தான் முக்கியம்.

மாற்றிய பிறகும் எஃபெக்ட் பேனலில் சில எஃபெக்ட்களுக்கு அருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால், அந்த எஃபெக்டால் உயர்ந்த பிட்டில் வேலை செய்ய முடியாது என்று பொருள். அடுக்கில் அப்படி ஒன்று நடுவில் இருந்தால்கூடப் போதும், அதுவரை சேர்த்துவைத்த படிகள் அங்கே உதிர்ந்துவிடும். பிரீமியரில் வேலை செய்பவர்கள் சீக்வென்ஸ் அமைப்பிலும் எக்ஸ்போர்ட் சாளரத்திலும் உள்ள மேக்ஸிமம் பிட் டெப்த் பெட்டிகளை டிக் செய்ய வேண்டும். டாவின்சி ரிசால்வ் உள்ளுக்குள் 32 பிட்டில் இயங்குவதால் அங்கே இந்தக் கவலை குறைவு. அதன் ஃபியூஷன் பக்கத்தில் இருக்கும் சாஃப்ட் கிளோ நம் வேலைக்குப் போதும்.

கிளோவுக்கு முன்னால் சுத்தம்

இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கம் ஒரு தெருக்கூத்தை இரவு முழுவதும் எடுத்தோம். வேடம் கட்டியவர்களின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் மின்னியதைக் கண்டு, அவற்றுக்குக் கிளோ போட்டுத் தொகுத்துக் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் போட்டுப் பார்த்தபோது கூத்தாடியின் தலைக்குப் பின்னால் இருந்த இருட்டு, தவளை பாய்கிற குட்டையைப் போலத் துடித்துக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. கிளோவுக்கு ஒரு த்ரெஷோல்டு உண்டு. அதைவிடப் பிரகாசமான பிக்சல் மட்டுமே ஒளிரும். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை மிக உயர்த்தி எடுத்த காட்சியில் இரைச்சல் புள்ளிகள் ஒரு ஃபிரேமில் அந்த எல்லையைத் தாண்டுகின்றன, அடுத்த ஃபிரேமில் தாண்டுவதில்லை. ஒவ்வொரு தாண்டலும் ஐம்பது பிக்சல் அகல ஒளித்திட்டாக ஊதிப் பெருகி, அணைந்து, மீண்டும் எரிகிறது.

எனவே இரைச்சல் குறைப்பை எப்போதும் கிளோவுக்கு முன்னால் செய்ய வேண்டும். ரிசால்வின் கட்டணப் பதிப்பில் உள்ள டெம்பொரல் நாய்ஸ் ரிடக்ஷனோ, தனியாகக் கிடைக்கும் நீட் வீடியோவோ எதுவானாலும் சரி. முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகும் அளவுக்குப் போக வேண்டாம். கருவி எதுவும் கையில் இல்லையென்றால், காட்சியைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைச் சிறிதளவு ப்ளர் செய்து, அதிலிருந்து மட்டும் கிளோவை எடுங்கள். அசல் காட்சியின் கூர்மை அப்படியே இருக்கும். கிளோவுக்குப் போகும் பிக்சல்கள் மட்டும் அமைதியாகிவிடும். நான் இன்று பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையைத்தான் நம்பியிருக்கிறேன். இதில் ரெண்டர் நேரமும் குறைவு.

கேமரா சென்சாரில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளி (ஹாட் பிக்சல்) இருந்தால், சாதாரணக் காட்சியில் யாருக்கும் தெரியாது. கிளோ போட்டதும் அது வானத்தில் அசையாத நட்சத்திரமாக நிற்கும். கேமரா நகர்ந்தும் அது நகரவில்லையென்றால் அதுதான் என்று அறியலாம். பக்கத்துப் பிக்சலால் அந்தப் புள்ளியை மூடிவிட்டால் தீர்ந்தது.

விளக்கே துடிக்கும் சந்தர்ப்பமும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சீரியல் செட்டும் மலிவான எல்இடி ஃபோகஸ் விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கலாம். ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடியில் வைத்து எடுத்தால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வதைவிடப் படம்பிடிக்கும்போதே கவனிப்பது எவ்வளவோ மேல்.

கிளோவைத் தனி லேயராகப் பிரித்துப் போடுதல்

காட்சியின் மேலேயே கிளோ எஃபெக்டைப் போடாமல், ஒரு பிரதியில் பிரகாசமான பகுதியை மட்டும் தனியே எடுத்து, ப்ளர் செய்து, கீழுள்ள காட்சியோடு கலக்குவதே என் பரிந்துரை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் கிளோவில் த்ரெஷோல்டு 60% என்று வரும். இருட்டுக் காட்சியில் அதை 80%க்கும் மேல் கொண்டுபோய், சுடரும் அதன் உடனடி ஓரமும் மட்டும் அகப்படுமாறு வைக்க வேண்டும். பூசணியின் வெளிறிய தோலும், கும்பிட்டு நிற்பவரின் வெள்ளை வேட்டியும் கிளோவில் சிக்கிக்கொண்டால் காட்சி முழுவதும் பனிமூட்டமாகிவிடும். அவற்றை மாஸ்க் போட்டு விலக்கிவிடுங்கள்.

ஒரே பெரிய ரேடியஸை (ஒளி பரவும் தூரத்தை) கொடுப்பதுதான் வளையங்களுக்கு முதல் காரணம் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. அதே 30 படிகள் 600 பிக்சலுக்குப் பதில் 150 பிக்சலில் இறங்கினால் ஒவ்வொன்றும் 5 பிக்சல்தான் வரும். அது கண்ணில் படாது. ஆகவே சுடரை ஒட்டி ஒரு சிறிய கிளோ, அதைச் சுற்றி நடுத்தரமான ஒன்று, மிக மெல்லிதாக அகன்ற ஒன்று என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். உண்மையான விளக்கொளியும் அருகில் சட்டென்றும் தொலைவில் மெதுவாகவும் குறைவதால், பார்ப்பதற்கும் இதுவே இயல்பாக இருக்கும்.

கலக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. 8 பிட்டிலோ 16 பிட்டிலோ ஸ்கிரீன் முறை பாதுகாப்பானது, வெள்ளையைத் தாண்டாது. 32 பிட்டில் வெள்ளைக்கும் மேற்பட்ட மதிப்புகள் இருக்கக்கூடும் என்பதால் ஸ்கிரீனின் கணக்கு அங்கே தடுமாறி, சுடரின் நடுவில் கறுப்புத் திட்டு வரலாம். 32 பிட்டில் ஆட் முறையைப் பயன்படுத்தி, புராஜெக்ட் அமைப்பில் 1.0 காமாவில் கலக்கும் தெரிவை இயக்கி, கடைசியில் மேல் வெளிச்சத்தைக் கர்வ் கொண்டு மென்மையாக அமுக்கிக்கொள்ளலாம். சுடரின் நடுப்பகுதி ஓரம் வெட்டிய வெள்ளைத் தட்டாகத் தெரியும் பழுதும் இதனால் தீரும். நீல நிறச் சீரியல் விளக்குகளில் இது மிகவும் தேவைப்படும். அங்கே நீலச் சேனல் மட்டும் முட்டிநிற்க, பட்டைகளும் அந்த ஒரு சேனலிலேயே விழும்.

ஒளி ஒரு நேர்க்கோட்டில் வெட்டப்பட்டதுபோல் நின்றால், அது பிட் குறையன்று. லேயரோ ப்ரீகாம்ப்போ (பல லேயர்களை ஒன்றாக்கிய தொகுப்பு) சிறியதாக இருப்பதால் ப்ளருக்குப் பரவ இடமில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் க்ரோ பவுண்ட்ஸ் எஃபெக்டை முன்னால் வைத்தால் சரியாகும். சட்டத்தின் ஓரத்தில் மட்டும் இருள் கவிந்தால் ப்ளரில் ரிப்பீட் எட்ஜ் பிக்சல்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரிசை பற்றி ஒரு வரி: கான்ட்ராஸ்ட்டும் நிறத்திருத்தமும் கிளோவுக்கு முன்னால் வரட்டும். கிளோவுக்குப் பின்னால் நிழல்களைத் தூக்கினால், சிரமப்பட்டு மறைத்த படிகளை நாமே இழுத்து அகலமாக்கியவர்கள் ஆவோம்.

சுத்தம் செய்த இடத்தில் மீண்டும் புள்ளி தூவுவது

இரைச்சலை நீக்கச் சொல்லிவிட்டு இப்போது சேர்க்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். முன்னது கிளோவுக்குள் போய்க் கொப்பளிக்கும் இரைச்சல். இது எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகத் தூவும் மெல்லிய கிரெயின். இறுதிக் கோப்பு 8 பிட்டாகத்தான் போகப்போகிறது. 16 பிட்டில் கட்டிய வழவழப்பு அப்போது மீண்டும் படிகளாக வெட்டப்படும். வெட்டப்படும் ஓரத்தில் சிறு புள்ளிகள் கலந்திருந்தால், ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு நேராக நிற்காமல் சிதறிப்போகும். கண் அதைச் சராசரியாக எடுத்துக்கொண்டு வழவழப்பாகவே காணும். அரிசி மாவைக் கோடாகக் கொட்டாமல் தூவிவிட்டால் ஓரம் எங்கே என்று தெரியாதல்லவா, அதுபோல.

8 பிட்டில் ஒரு படி என்பது முழு அளவில் சுமார் 0.4%. எனவே கிரெயினின் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் பயனில்லை. அதிகம் அழுத்தாத கோப்புக்கு 1% போதும். யூடியூபுக்குப் போகும் கோப்புக்கு நான் 2 முதல் 3% வரை வைக்கிறேன். நாய்ஸ் எஃபெக்டில் வண்ண இரைச்சல் தெரிவை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக வையுங்கள். இருட்டில் வண்ணப் புள்ளிகள் அழுக்காகத் தெரியும். புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறவும் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் தூசு படிந்ததுபோல் இருக்கும்.

எக்ஸ்போர்ட்டில் கைவிட்டுவிடாமல்

காணொளியைச் சுருக்கும் எச்.264 முறை ஒரு ஃபிரேமை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துகிறது. இருட்டான, அசைவில்லாத பகுதிகளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று கருதி அங்கே மிகக் குறைந்த பிட்டையே, அதாவது தரவையே, ஒதுக்கும். கிளோவின் வால் இருப்பதோ சரியாக அந்தப் பகுதியில். நாம் தூவிய கிரெயினையும் வேண்டாத குப்பை என்று எண்ணி முதலில் அதைத்தான் வழித்தெறியும். ஆகவே பிட் விகிதத்தில் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதில்) கஞ்சத்தனம் கூடாது. முதலில் 10 பிட் மாஸ்டர் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மாஸ்டருக்குப் பயன்படும் கோப்பு வடிவங்களில் புரோரெஸ் 422 வகைகள் எல்லாம் 10 பிட், டிஎன்எக்ஸ்ஹெச்ஆரில் ஹெச்க்யூ என்பது 8 பிட், ஹெச்க்யூஎக்ஸ் என்பதே உயர்ந்த பிட். ஓர் எழுத்தில் ஏமாறுபவர்கள் பலர். புரோரெஸ் 422 ஹெச்க்யூ 1080 தெளிவில் 25 ஃபிரேமுக்கு நொடிக்கு 184 மெகாபிட் அளவில் ஓடுவதால் ஒரு மணி நேரக் கோப்பு 80 ஜிபியைத் தாண்டும். வட்டில் இடம் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்த மாஸ்டரிலிருந்து மற்றப் பிரதிகளை எடுக்கலாம். காணொளிக் கோப்புகளை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எக்ஸ்264 என்கோடரைப் பயன்படுத்துபவர்கள், கூடுதல் தெரிவுகளில் ஏக்யூ மோடை 3 என்று வைத்தால் அது இருண்ட பகுதிகளுக்குச் சற்றுக் கூடுதல் பிட்டை ஒதுக்கும். டியூன் என்பதில் கிரெயினைத் தேர்ந்தெடுத்தால் தூவிய புள்ளிகளும் பிழைக்கும். யூடியூப் 1080 தெளிவு, 30 ஃபிரேம் காணொளிக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று பரிந்துரைக்கிறது. அது குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுங்கள். நாம் கொடுப்பதை யூடியூப் எப்படியும் மறுபடி அழுத்தப்போகிறது. 1080 காட்சியையே 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் பொதுவாகக் கூடுதல் பிட் விகிதம் கிடைப்பதால், இருட்டுப் பகுதிகள் குறைவாக உடையும்.

கிளோவின் வால் ஓரிடத்தில் பட்டென்று கறுப்பில் முடிந்தால், அளவீட்டு வரம்பு மாறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். சில கைப்பேசிகளும் திரைப்பதிவு மென்பொருள்களும் 0 முதல் 255 வரையுள்ள முழு வரம்பில் எழுதுகின்றன. எடிட்டிங் மென்பொருள் அதை 16 முதல் 235 என்று எண்ணிக்கொண்டால், 16க்குக் கீழே இருந்த மெல்லிய ஒளியெல்லாம் ஒரே கறுப்பாக வெட்டுப்பட்டுவிடும். கிளிப்பின் பண்புகளில் வரம்பை மாற்றினால் அந்த ஒளி திரும்பி வரும்.

மூலக் கோப்பு தொலைந்து, பட்டை விழுந்த பழைய காணொளி மட்டும் கையில் இருந்தால் முழுமையாக மீட்க முடியாது, ஓரளவு மறைக்கலாம். புராஜெக்டை 16 பிட்டில் வைத்து, வானத்தையும் வெற்று இருட்டையும் மட்டும் மாஸ்க் செய்து, பட்டையின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ப்ளர் கொடுத்து, மேலே கிரெயினைத் தூவ வேண்டும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் கிராட்ஃபன் என்னும் வடிகட்டி இதைத் தானாகச் செய்யும். ஆனால் அது காணொளியை ஓட்டும்போது பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்டது, அதன் பிறகு மீண்டும் அழுத்தினால் பட்டைகள் திரும்பிவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

கோப்பை ஒப்படைக்கும் முன் விளக்கை அணைத்த அறையில், கைப்பேசியின் பிரகாசத்தை முழுதாக வைத்து ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானோர் பார்க்கப்போவது அப்படித்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது கோப்பு அழுத்தப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.